இஸ்திரியம்மாவும் வீட்டு பில்லும்

இஸ்திரிப் பெட்டி சூடேறும்வரை இஸ்திரியம்மா சும்மா நிற்கமாட்டார். மின்சாரக் கட்டண ரசீதை எடுத்துப் பலகைமேல் விரிப்பார். மடங்கிய மூலைகளை நகத்தால் நிமிர்த்துவார். மேலே ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு, அதன்மேல் பெட்டியை ஒரே ஒருமுறை ஓட்டுவார். உறையை விலக்கினால் ரசீது அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்தது மாதிரிக் கிடக்கும்.

துணிக்கு மட்டும்தான் இஸ்திரி என்பதை அவர் ஒத்துக்கொள்வதில்லை. பேரன் வரைந்து அனுப்பும் யானைப் படம், டாக்டர் எழுதிய சீட்டு, பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து பிய்ந்து வந்த பக்கம், கசங்கிய ரூபாய் நோட்டு எல்லாம் அந்தப் பலகைமேல் ஏறி இறங்கியவைதான். "சுருக்கத்தோட எதையும் உள்ள வைக்கக்கூடாது. எடுக்கும்போது அது நம்மள முறைச்சுப் பார்க்கும்" என்பார்.

வேலையும் அதுவே. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. அங்கே இரண்டு ஆள் நீளத்துக்கு, கொதிக்கும் சூட்டில் உருளும் ஒரு இஸ்திரி ரோலர் இருக்கிறது. ஈரப் போர்வையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் பலகைபோல வந்து விழும். இருபத்துநாலு வருடமாக அந்த ரோலரின் வாயில் நிற்பவர் இஸ்திரியம்மா. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு போர்வையைக் கையில் எடுத்ததும் அது எந்த வார்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு போர்வையையும் உள்ளே விடும்போது உதடு மட்டும் அசையும். "இதுல படுக்கப் போறவங்க நல்லபடியா எழுந்து வீட்டுக்குப் போகணும் ஆண்டவனே."

மறுபக்கம் நின்று மடிப்பவள் வாய்த்துடுக்கானவள். எல்லோரும் அவளை மடிப்புக்காரி என்பார்கள். "அக்கா, நீங்க இப்படி வேண்டிக்கிட்டே இருந்தா எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. பெட்டெல்லாம் காலியாயிடும். அப்புறம் நம்ம ரெண்டு பேர் சம்பளத்துக்கும் சேர்த்து வேண்டிக்குங்க."

"துணியோட சேர்த்து அந்த வாயையும் மடிடி" என்பார் இஸ்திரியம்மா.

இரண்டாவது பழக்கம் பில் கேட்பது. வீட்டுக்கு என்று எது வாங்கினாலும் பில் வேண்டும். தெருமுனை இரும்புக் கடைக்காரர் பேனாவை எடுக்கும்போதே பெருமூச்சு விடுவார். "ஒரு ஸ்க்ரூவுக்குப் பில்லா அக்கா?"

"ஸ்க்ரூ சின்னதுதான் தம்பி. வீடு பெருசாச்சே. எழுதுங்க."

இதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், இப்போது அவர் குடியிருக்கும் வீட்டை அவருக்கு விற்றுவிட்டுப் போன அம்மாள் சாவியைக் கையில் கொடுக்கும்போது மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாராம்: "வீட்டுக்கு எவ்வளவோ செஞ்சேன் கண்ணு. ஒரு பில்லுகூட வைக்கல. இப்ப வித்த பணத்துல வரிக்காரன் கேட்டதைக் கொடுத்துட்டு அழுதுகிட்டுப் போறேன். நீயாவது வச்சுக்க." வாசல் கதவில் நின்று சொன்ன அந்த வார்த்தை இஸ்திரியம்மாவின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. என்ன வரி, எதற்கு வரி என்று அவருக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் பில்லைச் சேர்த்தார். பெயிண்ட் வாங்கிய பில், பூட்டு வாங்கிய பில், குழாய்க்கு வாஷர் போட்ட பில், விளக்குமாறு வாங்கிய பில், எல்லாம் இஸ்திரி போட்டு, வருடவாரியாக, துணிப் பைகளில்.

வீடு ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்குப் பத்தொன்பது படி. வாங்கிய காலத்தில் அது பெருமை. காற்று நன்றாக வரும், வெள்ளம் ஏறாது. அவர் கணவர் வெல்டர். இரும்பு என்றால் அவருக்கு மாவு பிசைவது போல. ஆறு வருடத்துக்கு முன், விடுமுறை நாளெல்லாம் ஒன்றுவிடாமல் உழைத்து, வீட்டின்மேல் ஒரு மாடி அறை எழுப்பினார். சன்னல், கூரைத் தகடு, தரை ஓடு, பக்கத்திலேயே ஒரு குளியலறை, மேலே போக ஒரு இரும்பு ஏணிப்படி. கூலிக்கு ஆள் வைக்கவில்லை. இஸ்திரியம்மா வேலை முடிந்து வந்து சாந்து குழைத்துக் கொடுப்பார். அந்த ஒன்றரை வருடம்தான் வந்த பில்லுகளுக்கு இஸ்திரி போட நேரம் கிடைக்காமல், சுருட்டி ரப்பர் மாட்டிப் பெட்டியில் போட்டது.

அறை முடிந்த மறுவருடம் கணவருக்குக் காலில் நரம்புத் தளர்ச்சி. முதலில் தடுமாற்றம், பிறகு கைத்தடி, இப்போது சக்கர நாற்காலி. தானே பற்றவைத்த மாடிப்படியை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. தெருவுக்கு இறங்கவேண்டுமென்றால் படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போக மட்டும். மற்ற நாளில் சன்னல்தான் அவருக்குத் தெரு.

"ஏம்மா, இன்னைக்கு அந்தத் தபால்காரருக்குப் புது செருப்பு" என்று சேதி சொல்வார். "மேலேருந்து பார்த்தா எல்லாருக்கும் வழுக்கை தெரியுது. கீழ இருந்தப்ப எவ்வளவு பேரு என்னை ஏமாத்தியிருக்கானுங்க."

சிரிப்பார். சிரித்துவிட்டு அதே சன்னலைப் பார்ப்பார். இஸ்திரியம்மா அந்தப் பார்வையை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தார். பிறகு ஒருநாள், "ஏங்க, இந்த வீட்டை வித்துடலாம்" என்றார்.

கடவுள் வழி காட்டத் தொடங்கினால் அடுத்தடுத்துக் காட்டுகிறார். ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் மகளோடு போய் இருக்கப் போவதால் தன் சின்ன வீட்டை விற்கப் பார்த்தார். இரண்டே அறை. ஆனால் படி என்பதே கிடையாது. வாசலும் தெருவும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியை உருட்டினால் நேரே போய்ப் பூங்கா வாசலில் நிற்கும். நர்ஸம்மா சொன்னார்: "உனக்குன்னா மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல முடியாதும்மா. ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிட்டாங்க." இந்தப் பக்கம் மேட்டு வீட்டை வாங்க ஓர் இளஞ்சோடி தயார். மாடி அறையில் நின்று அந்தப் பெண் கைதட்டியே விட்டாள்.

விற்கிற விலையும் வாங்குகிற விலையும் ஏறக்குறைய சரியாக இருந்தன. நடுவில் நின்றது வரி.

ஆடிட்டரின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். எப்போதும் ஜலதோஷம் பிடித்த மனிதர். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். வாங்கின விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம் லாபம். லாபத்துக்கு வரி. ஆனால் இடையில் வீட்டைப் பெரிதாக்கச் செய்த செலவு இருந்தால் அதை வாங்கின விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். அப்போது லாபம் குறையும், வரியும் குறையும்.

இஸ்திரியம்மா துணிப் பைகளை மேசைமேல் வைத்தார். "எல்லாம் இருக்குங்க ஐயா. ஸ்க்ரூ முதக்கொண்டு."

ஆடிட்டர் இரண்டு பில்லை எடுத்துப் பார்த்தார். "இது என்னம்மா?"

"விளக்குமாறு."

"வீட்டைப் பெருக்கறதுக்குத்தானே?"

"ஆமாங்க."

"பெருக்கறதுக்கு. பெருசாக்கறதுக்கு இல்லையே." அவருக்கே சிரிப்பு வந்து, தும்மலாக முடிந்தது. "பாருங்கம்மா. பெயிண்ட் அடிச்சது, ஒழுகின குழாயை அடைச்சது, உடைஞ்ச கண்ணாடியை மாத்தினது, இதெல்லாம் வீடு இருந்தபடி இருக்கறதுக்குச் செஞ்ச செலவு. ரிப்பேர். அது இதுல சேராது. வீட்டுல இல்லாத ஒண்ணைப் புதுசா உண்டாக்கினா அது சேரும்."

இஸ்திரியம்மா விளக்குமாற்று பில்லைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "பொத்தான் பிஞ்சு போனாத் தைக்கறது ஒண்ணு. அரைக்கைச் சட்டைக்கு முழுக்கை வச்சுத் தைக்கறது வேற ஒண்ணு. அப்படித்தானே ஐயா?"

ஆடிட்டர் கைக்குட்டையைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா இதை நான் அரைமணி நேரம் சொல்றேன். நீங்க ஒரு சட்டையில முடிச்சுட்டீங்க. முழுக்கை எங்கே?"

முழுக்கை மாடி அறை. அந்த பில்லுகளை மட்டும் தனியாக எடுத்து வரச் சொன்னார். இல்லாவிட்டால் வரி எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இஸ்திரியம்மாவின் மூன்று வருடச் சம்பளம். அவ்வளவு போய்விட்டால் நர்ஸம்மாவின் வீடு கனவுதான். இந்த வயதில் கடன் கொடுக்கவும் ஆளில்லை.

"இன்னொண்ணு கேக்கணும் ஐயா. ஒன்றரை வருஷம் எங்க வீட்டுக்காரர் உழைச்சாரே, அந்தக் கூலியை எங்க எழுதுவீங்க?"

ஆடிட்டர் தயங்கினார். "தன் கையால செஞ்ச வேலைக்குக் கணக்குல இடம் இல்லம்மா. பொருள் வாங்கினது மட்டும்தான்."

"சரி. அதை மேல இருக்கறவரு எழுதியிருப்பாரு" என்றார் இஸ்திரியம்மா. ஆனால் படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

வீட்டில் சொன்னபோது வெல்டர் புருவத்தைத் தூக்கினார். "அப்ப ஒன்றரை வருஷம் நான் சும்மா இருந்தேனா? அது தெரியாம முதுகு வலியெல்லாம் வாங்கிட்டேனே."

பெட்டியைத் திறந்து மாடி அறை பில்லுகளை எடுத்தார்கள். ஐம்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் வழவழப்பான மெல்லிய தாள், கடை மெஷினிலிருந்து நாக்குப்போல நீண்டு வருமே, அந்த வகை. ஆறு வருடம் சுருண்டு கிடந்ததால் பிரித்தால் மறுபடி சுருண்டுகொண்டது. ஒரு அதிகாரியின் மேசைக்கு இதையா கொண்டு போவது? இஸ்திரியம்மாவுக்கு மனது கேட்கவில்லை.

மறுநாள் மதியம், சலவைப் பிரிவில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ஒரு பழைய போர்வையை விரித்தார். பில்லுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஒன்றின்மேல் ஒன்று படாமல், வரிசையாக அடுக்கினார். மேலே இன்னொரு போர்வை. "ஆண்டவனே, நல்லபடியா வரணும்" என்று சொல்லி ரோலரில் விட்டார்.

சாப்பிட்டு முதல் ஆளாகத் திரும்பிய மடிப்புக்காரிதான் மறுபக்கம் போர்வையைப் பிரித்தாள். "என்னக்கா இது, கரித்துண்டு மாதிரி இருக்கு?"

அத்தனை தாளும் கறுப்பு. அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல், அட்டைபோல விறைப்பாக, கறுப்பு. ஓர் எழுத்து தெரியவில்லை. மடிப்புக்காரி முதலில் சிரித்தாள். இஸ்திரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருபத்துநாலு வருடத்தில் இஸ்திரியம்மா அந்த இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் ஆடிட்டர் அந்தத் தாள்களை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "இந்தக் காகிதத்துல மை கிடையாதும்மா. மெஷின் சூட்டாலதான் எழுதுது. சூடு பட்ட இடம் கறுப்பாகும். நீங்க முழுசுக்கும் சூடு குடுத்தீங்க. முழுசும் எழுத்தாயிடுச்சு."

இஸ்திரியம்மா தாள்களை வாங்கி விளிம்பு ஒத்துப்போக அடுக்கினார். கண்ணில் நீர் முட்டியது.

"அழாதீங்க. பில்லுதான் கறுத்துச்சு, அறை கறுக்கலையே. கடைக்காரங்ககிட்ட நகல் இருக்கலாம். தேடிப் பாருங்க. இன்னும் பத்து நாள் இருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எந்தெந்தக் கடைன்னு ஞாபகம் இருக்கா?"

இஸ்திரியம்மாவுக்கு இல்லை. பில் இருக்கிறதே என்ற தைரியத்தில் மனதில் எதையும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவர் மடியில் கறுப்புத் தாள்களை வைத்து நடந்ததைச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தார்.

வெல்டர் ஒரு தாளை எடுத்து முகம் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் எவ்வளவோ இரும்பைக் காய்ச்சியிருக்கேன். காகிதத்தைக் காய்ச்சினவ நீ ஒருத்திதான்." பிறகு, "நோட்டை எடு. எழுது" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு மாடி அறையைத் திரும்பக் கட்டினார். வாசல் நிலையிலிருந்து தொடங்கினார். "நிலை, கதவு, சன்னல் ரெண்டு, மரக்கடைப் பெரியவர்கிட்ட. மழை தொடங்குற சமயம். அவரு பொண்ணுக்கு அப்பத்தான் கல்யாணம், மிட்டாய் குடுத்தாரு. கூரைத் தகடு பதினாறு, பாலத்துக்குக் கீழ இருக்கற கடை. பதினாறுல ஒண்ணு வளைஞ்சு இருந்துச்சு, மாத்திக்கிட்டு வந்தேன். தரை ஓடு, குளியலறை ஓடு, பேசின், குழாய், எல்லாம் அந்தப் பெரிய ஓட்டுக் கடை..." ஆணிகூட விடவில்லை. இஸ்திரியம்மாவின் எழுத்து குண்டு குண்டாக, மெதுவாகத்தான் வரும். அவர் எழுதி முடிக்கும்வரை இவர் அடுத்ததைச் சொல்லாமல் காத்திருந்தார். நான்கு பக்கம் நிரம்பியது. அந்த அறையை இவரைப்போல ஆணி ஆணியாகத் தெரிந்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை என்று இஸ்திரியம்மாவுக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் முதல் வேலை முடிந்ததும் கடை கடையாக நடந்தார்.

ஓட்டுக் கடையில் கல்லாவில் இருந்த பெண் தலை நிமிராமல், "ஃபோன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னார். அவள் ஏதோ தட்டினாள். "வெல்டர்னு போட்டிருக்கு. இருபத்தாறு தடவை வந்திருக்காரு. எல்லாம் வேணுமா?" இஸ்திரியம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் வேணும் தாயி. கெட்டித் தாள்ல போட்டுக் குடு. அந்த வழவழ தாள் வேண்டாம்."

பாலத்துக்குக் கீழே இருந்த தகடு கடை மூடிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்து, கடைக்காரரின் வீட்டைத் தேடிப் போனார். அவர் படுத்த படுக்கை. மனைவி கட்டிலடியிலிருந்து பழைய பில் புத்தகங்களை இழுத்துப் போட்டார். மெஷின் பில் போக, கணக்குக்காகக் கையாலும் எழுதி வைத்த கார்பன் தாளின் நீல எழுத்து. இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரட்டினார்கள். கட்டிலிலிருந்தே கடைக்காரர் குரல் கொடுத்தார்: "பதினாறு தகடுதானே? ஒண்ணு வளைஞ்சிருக்குன்னு என்கிட்ட சண்டை போட்டாரே, அவரா? எப்படி இருக்காரு?"

"உக்காந்துதான் இருக்காருங்க. வாய் மட்டும் நடக்குது."

"அப்ப நான் பரவாயில்ல" என்று அவர் சிரித்தார். புத்தகம் கிடைத்தது.

மரக்கடைப் பெரியவர்தான் மசியவில்லை. "ஆறு வருஷத்து பில்லா? காலையில என்ன சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. போயிட்டு அடுத்த வாரம் வாம்மா." அடுத்த வாரம் போனால், அதற்கடுத்த வாரம். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. இஸ்திரியம்மா வாக்குவாதம் செய்யவில்லை. ஓரமாக ஒரு பலகைமேல் உட்கார்ந்து, "நீங்க உங்க வேலையைப் பாருங்க ஐயா, நான் இருக்கேன்" என்றார். கடை சாத்தும் நேரம் நெருங்கியது. பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"என்னம்மா இப்படி உக்காந்துட்ட?"

"உங்க பொண்ணு எப்படி இருக்காங்க ஐயா? மாடி ரூமுக்கு நிலை எடுத்த சமயத்துலதான் அவங்க கல்யாணம். நீங்க மிட்டாய் குடுத்தீங்கன்னு எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்றாரு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வெல்டரா? நிலையைத் தோள்லயே தூக்கிட்டுப் போனாரே!" எழுந்து போய், அந்தக் கல்யாண வருடத்து பில் நகல்களின் கட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

ஏணிப்படிக்கு மட்டும் பில் கிடைக்கவில்லை. பழைய இரும்பு வாங்கிச் செய்தது. "போகட்டும் விடு" என்றார் வெல்டர். "அது என் பங்கு."

மாதக் கடைசி நாள். வெல்டர் தானும் வருவேன் என்று அடம்பிடித்தார். "தெரியறது நல்லதோ கெட்டதோ, மேட்டுல உக்காந்து கேக்கமாட்டேன்." பத்தொன்பது படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். வாடகைக் கார்க்காரர் பொறுமையாக நின்றார். செருப்புக் கடை வாசலில் கார் நின்றது. மேலே ஏற வழியில்லை. "நீ போ. நான் இங்க இருந்து வழுக்கை இல்லாத மனுசங்களைப் பார்க்கிறேன்."

ஆடிட்டர் நகல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டு மேல்மாடிக்கு நகராட்சி கொடுத்த அனுமதித் தாளோடு தேதி ஒத்துப் போகிறதா என்று சரிபார்த்தார். குண்டு எழுத்தில் இருந்த நான்கு பக்க நோட்டையும் படித்தார். இரண்டு முறை தும்மினார். இஸ்திரியம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"ரிப்பேரைத் தள்ளிட்டேன். கூலி இல்ல, ஏணிப்படி இல்ல" என்றார் ஆடிட்டர். "அதெல்லாம் போக மாடி அறை முழுசும் நிக்குதும்மா. கதவு, சன்னல், கூரை, தரை, குளியலறை. வாங்கின விலையோட சேர்த்துட்டேன். இப்ப வர்ற வரி உங்க ரெண்டு மாசச் சம்பளம்கூட இல்ல. நர்ஸம்மாகிட்ட முன்பணம் குடுத்துடலாம்."

இஸ்திரியம்மா எழுந்து நின்றார். கும்பிடக் கை எழுந்தது, பாதியில் நின்றது. நேரே சன்னலுக்குப் போனார். கீழே காரின் கதவு திறந்திருந்தது. வெல்டர் அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் வண்டிச் சத்தம். கத்தினாலும் கேட்காது. இஸ்திரியம்மா கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, படியில்லாத அந்த வாசலின் மட்டத்தைத் தொடப் போகிறவர்போல, மெல்ல மெல்லத் தாழ்த்திக் காட்டினார்.